வீடு விற்க புரோக்கர் அவசியமா? கமிஷனை மிச்சம் பிடிக்க கடலூர், சிதம்பரத்தில் என்ன வழி?

கடலூர்,

கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம் பக்கம் ஒரு ரவுண்டு போய் வந்தால் "வீடு விற்பனைக்கு" போர்டு ஒன்றாவது கண்ணில் படும். சில போர்டில் "புரோக்கர்கள் அணுக வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த நம்பருக்கு முதலில் போன் அடிப்பதே ஒரு புரோக்கராகத்தான் இருக்கும்.

சிதம்பரத்திலும் இதே கதைதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு உபரி ஊழியர்கள் என்று கணக்கு காட்டி பலரை வெளி மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். அப்படி ஊரை விட்டுப் போனவர், பரங்கிப்பேட்டை, லால்பேட்டையில் இருந்து வளைகுடா நாட்டுக்குப் போனவர், சென்னையில் பிள்ளை வீட்டோடு போய்விட்ட பெரியவர் என்று ஊரில் இல்லாமலே வீட்டை விற்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் உண்டு. இவர்களுக்கு கை கொடுப்பவர் புரோக்கர். சில நேரம் கையைக் கடிப்பவரும் அவர்தான்.

புரோக்கர் இல்லாமல் வீடு விற்க முடியுமா? முடியும். ஆனால் அவர் செய்கிற வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். அதில் எதை நாமே செய்யலாம், எதற்கு காசு கொடுக்கலாம் என்பதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது.

கமிஷன் கணக்கு

வீடு விற்றால் புரோக்கருக்கு இத்தனை சதவீதம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் வாய்ப்பேச்சுதான். விற்பவரிடம் 1 முதல் 2 சதவீதம், வாங்குபவரிடம் அதே அளவு என்று கேட்பது நம்ம ஊர் வழக்கம்.

40 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் என்றால் 80 ஆயிரம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 1 லட்சத்து 60 ஆயிரம். வாங்குபவர் இதற்கு மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டும். (பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் 2 ஆக குறைத்தார்கள். அதே நாளில் வழிகாட்டி மதிப்பை 2017-ல் இருந்த அளவுக்கு ஏற்றிவிட்டார்கள்.) ஆக அவருக்கு பத்திரச் செலவே 3 லட்சத்து 60 ஆயிரம். இவ்வளவு செலவு செய்கிறவர் தன் பக்க கமிஷனையும் வீட்டு விலையில் குறைத்துத்தான் பேசுவார். கடைசியில் இரண்டு கமிஷனும் விற்பவர் தலையில்தான் விடியும்.

"கைக்கு இவ்வளவு" பேச்சு

அந்த 80 ஆயிரம்கூட பெரிசில்லை. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

"சார், கமிஷனே வேணாம். உங்க கைக்கு எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க, மேல வர்றது என்னோடது" என்று ஒரு பேச்சு வரும். நெட் ரேட் என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்காரர் 38 லட்சம் என்று சொல்லிவிடுவார். புரோக்கர் வாங்குபவரிடம் 41 லட்சம் என்று முடித்தால் நடுவில் 3 லட்சம் போய்விட்டது. 2 சதவீத கமிஷனைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. வாங்குபவரும் விற்பவரும் பத்திர ஆபீஸ் வரைக்கும் தனியாகப் பேசிக்கொள்ள விடமாட்டார்கள். ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வெளியூரில் இருந்து விற்பவர்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் கேள்விப்பட்ட விலை அவர் மனசில் இருக்கும். அதைவிட கொஞ்சம் கூட சொன்னாலே சந்தோஷமாகி தலையாட்டிவிடுவார்.

அக்ரிமென்ட் வலை

இதைவிட மோசம் ஒன்று உண்டு. புரோக்கரே ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ அட்வான்ஸ் கொடுத்து, தன் பெயரிலோ தன் ஆள் பெயரிலோ அக்ரிமென்ட் போட்டுக்கொள்வார். ஆறு மாசம் கெடு. அந்த ஆறு மாசத்தில் வேறு பார்ட்டியைப் பிடித்து அதிக விலைக்கு நேரடியாக உங்களிடம் இருந்தே கிரயம் எழுத வைப்பது திட்டம். பார்ட்டி கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் வீடு முடங்கிக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்த அக்ரிமென்ட் வில்லங்க சான்றிதழில் ஏறி உட்கார்ந்துவிடும். அதை எடுக்க இரண்டு பேரும் வந்து ரத்து ஆவணம் எழுத வேண்டும். எதிர் பார்ட்டி வர மறுத்தால் கோர்ட்டுதான். கிரயம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட அவருக்கு 3 வருஷம் அவகாசமும் சட்டத்தில் உண்டு. அதுவரை வில்லங்கத்தைப் பார்க்கிற எந்த பேங்கும் அந்த வீட்டுக்கு லோன் கொடுக்க யோசிக்கும்.

மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரி செலவுக்கோ வீட்டை விற்க நினைத்த குடும்பத்துக்கு இது என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், கேட்டாலும் இதே எச்சரிக்கைதான். பவரை வைத்து நடக்கும் விற்பனை முறையான கிரயம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனாலும் விற்கும் அதிகாரம் கொடுத்த பவர் கையில் இருந்தால், உங்கள் சார்பில் கிரயம் எழுதிக் கொடுத்து பணத்தை வாங்க அவரால் முடியும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, பெற்றோர் என்று ரத்த சொந்தத்துக்கு, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், விலை வரம்பு போட்டு கொடுக்கலாம். புரோக்கருக்கு வேண்டவே வேண்டாம்.

விலை என்ன என்று யாரைக் கேட்பது?

புரோக்கரிடம் இருக்கும் முதல் சரக்கு விலை நிலவரம். "பக்கத்து தெருவுல போன மாசம் என்ன ரேட்டுக்கு போச்சு தெரியுமா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். இந்த சரக்கை இப்போது இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜினெட் இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்க காசு கிடையாது. மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் போட்டால் அந்த சர்வே எண்ணில் நடந்த பத்திரங்கள் வரிசையாக வரும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, பத்திர எண், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டு சர்வே எண்ணையும், அக்கம்பக்கத்து சர்வே எண்கள் நாலைந்தையும் போட்டு கடைசி 2 வருஷத்தைப் பார்த்தால் ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

ஆனால் பத்திரத்தில் காட்டிய தொகை வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருப்பதும் உண்டு. உண்மையில் கைமாறியது கூடுதலாக இருந்திருக்கலாம். அதனால் வில்லங்கத்தில் தெரிவதை தரை என்று வைத்துக்கொள்ளுங்கள், கூரை என்று வைக்காதீர்கள். அதே தெருவில் விற்பனைக்கு இருக்கும் வீட்டுக்கு வாங்குபவர் மாதிரி போன் போட்டு விலை கேட்பதிலும் தப்பில்லை. புரோக்கரும் அதைத்தான் செய்கிறார்.

கட்டடத்துக்கு தனி மதிப்பு வேண்டும் என்றால் பேங்க்குகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். ஒரே தடவை கட்டணம். வீடு எவ்வளவுக்குப் போனாலும் அவருக்கு பங்கு கிடையாது என்பதால் கூட்டியோ குறைத்தோ சொல்ல அவருக்கு காரணமும் இல்லை.

பார்ட்டி பிடிப்பது எப்படி?

இதுதான் உண்மையில் புரோக்கரின் தொழில். ஆள் பழக்கம். யார் கையில் பணம் இருக்கிறது, யாருக்கு ரிட்டயர்மென்ட் பணம் வரப்போகிறது, யார் வாடகை வீட்டில் அலுத்துப்போய் இருக்கிறார் என்பது டீக்கடை பெஞ்சில் அவருக்குத் தெரியும். நெட்டில் தேடினால் கிடைக்காது.

பெரிய ஊர்களில் இதற்கு மாற்று வந்துவிட்டது. 2014-ல் தொடங்கிய நோபுரோக்கர் கம்பெனி பெயரிலேயே விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்காரரையும் வாங்குபவரையும் நேரடியாக சேர்க்கிறேன் என்று சென்னை, பெங்களூர், மும்பை மாதிரி நகரங்களில் வளர்ந்தது. 99 ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் தளங்களில் கடலூர் விளம்பரமும் போடலாம். ஆனால் மாவட்டத்தில் வீடு தேடுகிறவர் அங்கே வந்து பார்ப்பது குறைவு. நம்ம ஊருக்கு ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸ்அப் குரூப், நாளிதழ் வரி விளம்பரம் என்று இவைதான் கைகொடுக்கும். வாசலில் மாட்டும் ஃபிளெக்ஸ் போர்டை லேசாக நினைக்க வேண்டாம். அதே தெருவில் இருப்பவர் தன் தம்பிக்கோ மருமகனுக்கோ பக்கத்திலேயே வீடு தேடிக்கொண்டிருப்பார். அவர் பேரம் பேசுவார், ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்று யோசித்து விளம்பரம் போட வேண்டும். கடலூர் வீட்டுக்கு புதுச்சேரியில் இருந்தும் ஆள் வருவார், அரை மணி, முக்கால் மணி நேர தூரம்தான். நெய்வேலி என்.எல்.சி.யில் ரிட்டயர் ஆகிறவர் குவார்ட்டர்சை காலி செய்து வேறு வீடு பார்த்தாக வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைநகர் பக்கத்து வீட்டுக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி வேலைக்கு வந்தவர்கள் உண்டு. ராஜா முத்தையா மருத்துவக்கல்லூரி 2021-ல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக்கல்லூரி ஆனது. அந்த ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போவது பத்து போர்டுக்கு சமம்.

விளம்பரத்தில் சதுர அடி, திசை, ரோடு அகலம், பட்டா இருக்கிறதா, பேங்க் லோன் கிடைக்குமா என்று எழுதுங்கள். கடலூரில் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். தண்ணி வந்துச்சா? 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி புறநகரில் புகுந்ததும் நினைவில் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

இங்கிலாந்தில் பர்ப்பிள்பிரிக்ஸ் என்று ஒரு கம்பெனி, சதவீத கமிஷன் கிடையாது, ஒரே கட்டணம், வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டு என்று பிரமாதமாக கிளம்பியது. பங்குச்சந்தை வரை போனது. 2023-ல் வெறும் ஒரு பவுண்டுக்கு போட்டிக் கம்பெனிக்கு கைமாறியது. காசை முன்னாலேயே வாங்கிவிட்டால் வீட்டை விற்றே தீர வேண்டும் என்ற சூடு ஏஜென்டுக்கு இருக்காது என்பது அப்போதே பலர் சொன்ன குறை.

அமெரிக்காவில் விற்பவரே இரண்டு பக்க ஏஜென்டுக்கும் சேர்த்து 5, 6 சதவீதம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கோர்ட்டு வழக்கில் அங்குள்ள ஏஜென்டுகள் சங்கம் 2024-ல் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டு விதியை மாற்றியது. அதை நினைத்தால் நம்ம ஊர் 2 சதவீதம் சின்னதுதான்.

பத்திர வேலைக்கு வக்கீல் போதும்

விற்பனை நின்றுபோவது பெரும்பாலும் விலையால் இல்லை, பேப்பரால்தான். எனவே போர்டு மாட்டுவதற்கு முன்பே சிவில் வக்கீல் ஒருவரிடம் எல்லா பேப்பரையும் கொடுத்து கருத்து கேட்டுவிட வேண்டும். சில ஆயிரங்களில் முடிகிற செலவு. வாங்குபவர் லோன் போட்டால் பேங்க் வக்கீல் கேட்கப்போகிற கேள்வி எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூலப் பத்திரம், தாய் பத்திரங்கள், 30 வருஷ வில்லங்கம், பட்டா, வீட்டு வரி ரசீது, தண்ணீர் வரி, மின் இணைப்பு, கட்டட வரைபட அனுமதி இவை வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் வீடு என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து. கல்யாணம் ஆகிப்போன தங்கைக்கு பங்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு அட்வான்ஸ் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

வீட்டு லோன் அடைத்துவிட்டோம் என்று பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேங்கில் பத்திரம் ஒப்படைத்தது வில்லங்கத்தில் பதிவாகி இருக்கும். லோன் முடிந்ததற்கு ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அந்த வில்லங்கம் தீரும். பார்ட்டி ரெடியான பிறகு பேங்குக்கு ஓடினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

சிதம்பரத்தில் கூடுதல் கவனம் தேவை. கோவில், மடம், கட்டளை பெயரில் உள்ள மனையில் வீடு கட்டி பகுதி செலுத்தி குடியிருப்பவர் கட்டடத்துக்குத்தான் உரிமை பேச முடியும், மனையை விற்க முடியாது. கோவில் நிலத்தை அனுமதி இல்லாமல் கிரயம் செய்தால் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் பதிவு செய்ய மறுப்பார். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுக்கும் இதே பிரிவு பொருந்தும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் அரசு திட்டம் கொண்டு வந்தது. வரன்முறை ஆணை இருந்தால் எடுத்து வையுங்கள்.

பத்திரம் எழுதுவதற்கு வக்கீலோ உரிமம் பெற்ற ஆவண எழுத்தரோ போதும். இவர்களிடம் சதவீதம் பேசாதீர்கள். "மொத்தம் எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம்" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். ஆபீசுக்கு என்று தனியாக ஒரு தொகை கேட்டால் ரசீது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அரசுக் கட்டணம் எல்லாம் ஆன்லைனில் கட்டி ரசீது வருகிற காலம் இது. டோக்கனும் ஆன்லைன்தான்.

பணம் வாங்கும்போது

நிலம், வீடு விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2015 ஜூன் முதல் இந்தக் கட்டுப்பாடு உள்ளது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அட்வான்ஸுக்கும் இது பொருந்தும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார். அது உங்கள் பான் கணக்கில் வரவாகும், பயப்பட வேண்டாம். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் 50 லட்சம் வரம்பு கிடையாது, பிடித்தமும் அதிகம். முன்கூட்டியே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

2 வருஷத்துக்கு மேல் கையில் இருந்த வீட்டை விற்று வரும் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால் விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். புரோக்கர் கமிஷனையும் லாபத்தில் கழிக்க சட்டம் இடம் தருகிறது. ஆனால் ரொக்கமாக கையில் திணித்த கமிஷனுக்கு எதை ஆதாரமாகக் காட்டுவது? பேங்க் மூலம் கொடுத்தால் கழிக்கலாம்.

ஆன்லைனில் விளம்பரம் போட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. "நான் மிலிட்டரியில் இருக்கேன், வீட்டை பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம் போகும். மூலப் பத்திரத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் முகம் தெரியாதவருக்கு அனுப்புவதும் வேண்டாம்.

புரோக்கர் வேண்டும் என்றால்...

எல்லோரும் தானே விற்க முடியாது. தனியாக இருக்கும் வயதானவர், வாரத்துக்கு நாலு பேருக்கு வீட்டைத் திறந்து காட்ட ஊரில் ஆள் இல்லாதவர், நாலு வாரிசு நாலு ஊரில் இருக்கும் குடும்பம். இவர்களுக்கு நல்ல புரோக்கர் கிடைத்தால் அந்த 2 சதவீதம் வீண் இல்லை. ஊரில் நாணயமான புரோக்கர்களும் இருக்கிறார்கள். அவர் கூட்டி வந்த பார்ட்டியை அவருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகப் பேசி முடித்து கமிஷனை ஏமாற்றுகிற வீட்டுக்காரர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பேச்சை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளைத்தாள் போதும். விற்றால் மட்டும் கமிஷன், இவ்வளவு ரூபாய் என்று மொத்தத் தொகை, பதிவு முடிந்த அன்று பேங்க் மூலம், வாங்குபவரோடு நேரில் உட்கார்ந்துதான் விலை பேசுவோம், வேறு வழியில் பார்ட்டி வந்தால் விற்க எங்களுக்கு உரிமை உண்டு. "கைக்கு இவ்வளவு" கிடையாது, அக்ரிமென்ட் கிடையாது, பவர் கிடையாது. இதற்கு ஒத்துக்கொள்கிற புரோக்கரோடு தாராளமாகப் போகலாம்.

ரெரா பதிவு எண் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி ஏஜென்டுகள் பதிவு செய்ய வேண்டியது, பதிவான புது மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்பதற்கு. நாம் குடியிருந்த பழைய வீட்டை விற்றுத் தருகிற புரோக்கருக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்லை. ஆகவே அவர் ஏமாற்றினால் ரெராவில் போய் நிற்க முடியாது, போலீஸ் அல்லது சிவில் கோர்ட்டுதான்.

பதிவு நாளன்று முழுப் பணமும் அக்கவுன்டில் ஏறியதை பாஸ்புக்கிலோ செல்போன் பேங்க் ஆப்பிலோ பார்த்துவிட்டு, அல்லது பேங்க் டி.டி.யை கையில் வாங்கிவிட்டுத்தான் சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். வந்தது என்று காட்டினால் நம்பிவிடக் கூடாது. பாக்கி இருக்கும்போதே பதிவு முடிந்துவிட்டால் வீடு வாங்கியவர் பெயருக்குப் போய்விடும், பாக்கிப் பணத்துக்கு விற்றவர்தான் கோர்ட்டு ஏற வேண்டியிருக்கும்.